தட்டில் விழுந்ததும் காற்றில் நின்றதும்

பல் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்ப்பவர்களிடம் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் ஒரு வகை ஆய்வு உண்டு. ஈறு சிகிச்சைப் பிரிவிலோ குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவிலோ எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படிக்கும் மாணவர் ஒருவர், கிருமிகளை வளர்க்கும் இரத்த அகர் என்ற கூழ் ஊற்றிய பெட்ரி தட்டுகளை எங்களிடம் வாங்கிச் செல்வார். நோயாளியின் மார்பின் மேல் ஒன்று, மருத்துவரின் முகத்தருகே ஒன்று, உதவியாளர் நிற்கும் பக்கம் ஒன்று, அறையின் மூலையில் ஒன்று என அவற்றை மூடி திறந்து வைத்துவிட்டு, அதிர்வால் வேலை செய்யும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரால் பல்காரையை நீக்குவார். பாதி நோயாளிகள் முன்னதாகக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் வாய் கொப்பளித்திருப்பார்கள். மறுபாதியினர் வெறும் தண்ணீரால் கொப்பளித்திருப்பார்கள். தட்டுகள் திரும்பி வந்து 37 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் இருந்தபின், முளைத்த காலனிகளை, அதாவது கிருமித் திட்டுகளை, எண்ணுவோம். குளோர்ஹெக்ஸிடின் குழுவில் எண்ணிக்கை குறைந்திருக்கும். நோயாளியின் மார்பின் மேல் வைத்த தட்டில் மற்றவற்றைவிட அதிகம் முளைத்திருக்கும். அட்டவணையில், வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்க உதவும் பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கியிருக்கும், ஆய்வேடு தேறிவிடும்.

இந்த ஆய்வுகளில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் இத்தகைய தட்டுகளைப் பல ஆண்டுகளாக எண்ணி வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பல் மருத்துவ அறையின் காற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் மிக எளிதான ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தட்டில் விழுந்ததை எண்ணுகிறோம். விழாமல் நின்றது எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்காவது நோய் வந்ததா என்ற மூன்றையும் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

முதலில் தட்டையே பார்ப்போம். ஐந்து சதவீதம் செம்மறி ஆட்டு இரத்தம் கலந்த அகர், முளைப்பதற்கு முன் ஒரே சீரான செந்நிறத்தில் இருக்கும். கரியமில வாயு அடைகாப்பான் இல்லாத ஆய்வகங்களில், எங்களுடையதைப் போலவே, மெழுகுவத்தி ஏற்றி இறுக மூடிய ஜாடிக்குள் தட்டுகளை அடுக்குவார்கள். சுடர் தானாக அணையும்போது உள்ளே சேர்ந்திருக்கும் சுமார் 3 சதவீதக் கரியமில வாயு, வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கைக்குப் போதுமானது. இரண்டு நாள் கழித்துத் தட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய காலனிகளைச் சுற்றிச் செந்நிறம் மங்கி, பச்சை ஏறிய வளையங்கள் தெரியும். அவை விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கை. ஒரு மனிதரின் வாயிலிருந்தே வந்தவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பளிச்சென்ற மஞ்சளில் உருண்டு நிற்பது மைக்ரோகாக்கஸ். சுண்ணாம்பு வெள்ளையில் இருப்பது பெரும்பாலும் தோலிலிருந்து உதிர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ். ஓரம் பிய்ந்த சாம்பல் நிறத் திட்டாகப் படர்ந்து பக்கத்துக் காலனிகளை மூடிவிடுவது மண்ணிலும் தூசியிலும் வாழும் பேசில்லஸ். கருந்துகள் தூவிய பூஞ்சை ஒன்று தட்டின் ஓரத்தில் எழுந்திருந்தால், ஏசியின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று மாணவரைக் கேட்பது வழக்கம்.

ஆய்வேட்டில் இவை அனைத்தும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. வாயிலிருந்து வந்தது, மருத்துவரின் முன்கையிலிருந்து உதிர்ந்தது, கதவு திறந்தபோது தெருவிலிருந்து புகுந்தது, ஸ்கேலரின் குழாய்க்குள்ளேயே வளர்ந்தது ஆகிய நான்கும் கூடி ‘மொத்தக் காலனிகள்’ என்ற ஒரே கட்டத்தில் அமர்கின்றன. சிகிச்சை தொடங்குமுன் வெறும் அறையில் ஒரு தட்டைத் திறந்து வைத்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் ஓரளவு தெளியும். அதைச் செய்பவர்கள் குறைவு.

காற்றில் மிதப்பதையும் தெறித்து விழுவதையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பல் மருத்துவத்தில் புதிதன்று. அமெரிக்காவில் மிசிக், மில்லர் முதலிய ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வுகளில் 50 மைக்ரானை எல்லையாக வைத்தார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எல்லைக்குப் பெரிய துளிகள் எறியப்பட்ட கல் போகும் பாதையில் போய், அருகிலுள்ள ஏதாவது ஒரு பரப்பில் விழுந்து முடிந்துவிடுகின்றன. மருத்துவரின் கண்ணாடியிலும் நோயாளியின் மார்புத் துணியிலும் காய்ந்து தெரியும் புள்ளிகள் இவையே. எல்லைக்குச் சிறியவை காற்றோடு போகின்றன; இவற்றையே ஏரோசால் என்கிறோம். சிறு துளிகள் தரையைத் தொடுமுன்பே நீர் முழுவதும் ஆவியாகி, உலர்ந்த எச்சமாக மிதக்கும் என்பதை வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934இலேயே விளக்கியிருந்தார். அசையாத காற்றில் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி சுமார் 10 நொடியில் விழுந்துவிடும். 20 மைக்ரான் துகளுக்கு 4 நிமிடம் ஆகும். 10 மைக்ரானுக்கு 17 நிமிடம். 5 மைக்ரானுக்கு ஒரு மணி நேரம். மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில் இந்தக் கணக்கும் பொய்த்து, சிறு துகள்கள் இன்னும் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூச்சுக் குழலின் கிளைகளைக் கடந்து நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை அந்த 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள்தாம். அரை மணி நேரம் திறந்து வைத்த தட்டில் அவற்றில் ஒரு சிறு பங்கே விழுகிறது. எனவே, எது மிக ஆழமாக மூச்சில் போகுமோ அதைத்தான் நம் தட்டு மிகக் குறைவாகப் பிடிக்கிறது. முற்றத்தில் பாத்திரம் வைத்து மார்கழிப் பனியை அளக்க முயல்வதற்கு ஒப்பான வேலை இது. காற்றை விசையோடு இழுத்து அளக்கும் கருவிகள் இல்லாமலில்லை. ஆண்டர்சன் என்பவர் 1958இல் வடிவமைத்த ஆறு அடுக்குக் கருவி, நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சி, அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளின் வழியே செலுத்தி, துகள்களை அளவுவாரியாகத் தனித்தனித் தட்டுகளில் மோத வைக்கும். மூன்றாண்டில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்காக அதை வாங்கித் தரும் கல்லூரிகள் அபூர்வம் என்பதால் திறந்த தட்டே நீடிக்கிறது.

தட்டு காட்டாதது இன்னும் ஒன்று உண்டு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழமான பையில் வாழும் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை பிராணவாயு பட்டால் பிழைக்காதவை. அவை சாதாரண அடைகாப்பில் முளைப்பதில்லை. வைரஸ்களும் அகரில் வளர்வதில்லை. காசநோய்க் கிருமி வளர்வதற்குத் தனி ஊடகமும் பல வாரங்களும் தேவை. தெளிந்த தட்டு ஒன்றைக் காட்டி ‘காற்று சுத்தம்’ என்று சான்று தருவது, அதிகம் முளைத்த தட்டைக் காட்டி அச்சுறுத்துவதற்கு எவ்விதத்திலும் குறைந்த தவறன்று.

இத்தனை திவலை ஏன் எழ வேண்டும் என்ற கேள்விக்கு விடை கருவியின் வேகத்தில் இருக்கிறது. பல்லைக் குடையும் கருவிகள் கால் மிதியாலும் பட்டைகளாலும் சுழன்ற காலத்தில் தூள் பறந்தது, மூட்டம் எழவில்லை. 1957இல் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காற்றால் சுழலும் டர்பைன் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு இடப்பட்ட ஏரோட்டார் என்ற வணிகப் பெயரே நம் ஊர்ப் பல் மருத்துவர்களிடம் இன்றும் பொதுப்பெயராக வழங்குகிறது. அதன் சுழற்சி நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம். அந்த வேகத்தில் உராயும் பல் சூடேறிவிடும் என்பதால் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பல்லின் உட்கூழில் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஒரு பங்கு பற்களில் கூழ் செத்துவிடுவதைக் குரங்குகளிடம் செய்த சோதனையில் ஜாக், கோஹன் இருவரும் 1965இல் காட்டினார்கள். ஆகவே ‘தண்ணீரை நிறுத்திவிட்டால் ஏரோசால் நின்றுவிடுமே’ என்று சொல்வதற்கு வழியில்லை. ஸ்கேலரின் முனையோ நொடிக்குப் பொதுவாக 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அதன் மேல் வழியும் தண்ணீரை அந்த அதிர்வே பொடிப்பொடியாகச் சிதறடிக்கிறது. பல் மருத்துவக் கருவிகளில் மிக அதிக ஏரோசாலை எழுப்புவது ஸ்கேலரே என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

சிதறுவது எச்சில் மட்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் பத்துக்கோடி அளவில் பாக்டீரியா இருப்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் மூட்டத்தின் பெரும்பகுதி எச்சிலன்று, கருவியிலிருந்து வரும் தண்ணீர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமாரின் குழுவினர், கொரோனா காலத்தில் சிகிச்சை நடக்கும்போது மருத்துவரின் முகக்கவசம், உதவியாளர், நோயாளியின் மார்பு ஆகிய இடங்களில் படிந்தவற்றைச் சேகரித்து, அவற்றின் மரபணுத் தடயங்களை எச்சிலோடும் குழாய் நீரோடும் ஒப்பிட்டார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி, படிந்தவற்றில் பெரும்பான்மை குழாய் நீரிலிருந்து வந்தவை. எச்சிலின் பங்கு மிகச் சொற்பம். காலனிகளை எண்ணும் பழைய முறையால் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கவே முடியாது.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது? இங்கேதான் விஷயம் கனக்கிறது. டென்டல் சேருக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள் மிக மெல்லியவை. உள்ளே கொள்ளும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு மிக அதிகம். குழாயின் நடுவில் நீர் ஓடினாலும் சுவரை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரவு முழுவதும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும், கிளினிக் பூட்டிய விடுமுறை நாட்கள் முழுவதும் அதே நீர் அறை வெப்பத்தில் தேங்கியிருக்கும். மேலே தொட்டிக்கு வந்த தண்ணீரில் பாக்டீரியா வெகு குறைவாக இருந்தாலும், சுவரில் ஒட்டியவை தமக்குத் தாமே பிசின் போர்வை நெய்துகொண்டு பயோஃபிலிமாகப் படிந்து, அங்கிருந்து ஓயாமல் நீரில் உதிர்கின்றன. நம் கிளினிக்குகள் பலவற்றில் ஊற்றப்படும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ உப்பு நீங்கியதாக இருக்கலாம். அதில் எஞ்சிய குளோரின் இல்லை என்பதால் பயோஃபிலிமுக்கு அது தடையாவதில்லை. சேரின் நீர்க்குழாய்களில் பாக்டீரியா பெருகியிருப்பதை இங்கிலாந்தில் பிளேக் என்பவர் 1963இலேயே பிரிட்டிஷ் டென்டல் ஜர்னல் இதழில் எழுதிவிட்டார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2003இல் ஒரு மில்லிலிட்டருக்கு 500 காலனிகள் என்ற மேல் வரம்பைச் சொன்னது. பராமரிக்காத குழாயில் அந்த எண்ணிக்கை ஆயிரங்களையும் லட்சங்களையும் தொடுவது எங்கள் துறையில் யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

அந்த நீரில் இருப்பவற்றில் பெரும்பான்மை உடல் வலுவுள்ளவர்களுக்குத் தீங்கற்றவை. சில அப்படியல்ல. ஆஸ்திரியாவில் ரெய்ந்தாலரின் குழுவினர் 1980களின் இறுதியில் பல் மருத்துவப் பணியாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, நீரில் வாழ்ந்து நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. மருத்துவத் துறை சாராதவர்களிடம் அது இருபதில் ஒருவருக்கே இருந்தது. அவர்கள் நோயுற்றார்கள் என்று இதற்குப் பொருளில்லை, அந்தக் கிருமியை மூச்சில் வாங்கியிருக்கிறார்கள் என்பதே பொருள். 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். நோய் அரும்பும் நாட்களில் அவர் வீட்டை விட்டு வெளியே போனது பல் மருத்துவரிடம் மட்டுமே. அவருடைய நுரையீரலில் எடுத்த கிருமியும் அந்தக் கிளினிக்கின் நீர்க்குழாயில் எடுத்த கிருமியும் மரபணு அளவில் ஒத்திருந்தன. 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும், 2016இல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரத்திலும், பால்பல்லுக்குக் கூழ் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தாடையில் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி புகுந்தது. ஜார்ஜியாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், அனஹைமில் எழுபது பேர் அளவில். பலருக்கு அறுவை சிகிச்சையும் நிலைத்த பற்களின் இழப்பும் நேர்ந்தன. அங்கே கிருமி போனது காற்றின் வழியாக அன்று, திறந்த பல்லுக்குள் நேராகப் பாய்ச்சிய தண்ணீரின் வழியாக. ஆயினும் அதே தண்ணீர்தான் ஸ்கேலரின் முனையில் மூட்டமாகவும் எழுகிறது.

கவனித்தால், பல் மருத்துவ அறையில் பாக்டீரியா தொற்றியதென்று உறுதியாக நிறுவப்பட்ட நிகழ்வுகள் பெரும்பாலும் தண்ணீரையோ கையையோ நோக்கியே போகின்றன. 1982இல் லான்செட் இதழில் பதிவான ஒன்றில், இங்கிலாந்தில் காசநோயுற்றிருந்த பல் மருத்துவர் ஒருவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட 15 பேருக்கு வாயிலோ நுரையீரலிலோ காசநோய் வந்தது. அங்கும் நோய் பரவியது சிகிச்சை அளித்தவரிடமிருந்து. ஒரு நோயாளியின் வாயிலிருந்து எழுந்த ஏரோசால், அடுத்த நோயாளிக்குப் பாக்டீரியா நோயைக் கொண்டுவந்தது என்று மறுக்க முடியாதபடி காட்டுவது கடினம். நோய் வெளிப்பட நாட்கள் ஆகும். அதற்குள் அந்த மனிதர் பேருந்தில் போயிருப்பார், திருமணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். நோயாளிகளின் மருத்துவமனை வருகைகளைப் பல் சிகிச்சைப் பதிவுகளோடு சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கமும் நம்மிடம் இல்லை.

2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஏரோசாலைக் குறைக்கும் வழிமுறைகளைச் சோதித்த 16 ஆய்வுகளும் 425 பங்கேற்பாளர்களும் அதில் அடங்கினர். அவற்றில் ஒன்றுகூட யாருக்காவது நோய் பரவியதா என்று அளக்கவில்லை. ஒன்றுகூட வைரஸை அளக்கவில்லை. அனைத்தும் காலனிகளை எண்ணியவை. பற்பல நாடுகளில், பற்பல ஆண்டுகளில், ஏறக்குறைய ஒரே அகரில், ஒரே கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகள்.

இந்த இடைவெளியைக் கொரோனா வந்தபோது அச்சம் நிரப்பியது. 2020 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம், தொற்று பரவலாக உள்ள இடங்களில் அவசரமல்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது; அன்றிருந்த நிலையில் அது தவறென்று சொல்ல மாட்டேன். அதே கோடையில் அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில் தொற்றுற்றவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தார்கள் என்பதும், முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அவர்களைக் காத்திருக்கலாம் என்பதும் பின்னர் தெரியவந்தன. நம் ஊர்களில் நடந்தது வேறு. கிருமிநாசினியை மூட்டமாகத் தூவும் ஃபாகிங் இயந்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அறை முழுவதும் ஹைப்போகுளோரைட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ தூவிய கிளினிக்குகளை நான் அறிவேன். உள்ளறைகளில் மருந்து தூவுவதை வழக்கமான முறையாகப் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அறிவித்திருந்தது. அறுவை அரங்குகளில் நெடுங்காலம் இருந்த, ஃபார்மலின் ஆவியால் அறையை நிரப்பும் ஃபுமிகேஷன் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திய பின்னும், மூக்கில் காரம் ஏறினால்தான் அறை சுத்தமானதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு தூவிய மருந்து மறுநாள் காலை முதல் நோயாளியின் வாயில் எழும் மூட்டத்தை ஒன்றும் செய்யாது என்ற எளிய கணக்கை யாரும் போடுவதில்லை.

மூட்டத்தை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது எப்படி என்பதை ஒரு நண்பரின் கிளினிக்கில் ஒரு மாலை நேரத்தில் கண்ணால் பார்த்தோம். கடைசி நோயாளியாகப் படுத்திருந்தவர் நண்பரின் தம்பி. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு எல்.இ.டி. டார்ச்சை மட்டும் வாயின் குறுக்கே பிடித்தோம். கீழுதட்டில் கொக்கிபோல மாட்டி எச்சிலை உறிஞ்சும் மெல்லிய சலைவா எஜெக்டர் ஓடிக்கொண்டிருக்க, ஸ்கேலர் முன்பற்களைத் தொட்ட உடனே ஒளிக்கற்றைக்குள் வெண்மூட்டம் திரண்டு உதட்டைத் தாண்டி எழுந்தது. அது மூக்கின் மேல் ஏறி, நண்பரின் முகக்கவசத்துக்குக் கீழே சுழன்று, சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்ப்ளிட் ஏசி இழுக்கும் திசையில் சாய்ந்தது. பிறகு உதவியாளர் அகல வாய்க் குழாயைக் கொண்டுவந்தார். “இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வாம்மா” என்றார் நண்பர். “கிட்ட கொண்டு வந்தா உங்க கண்ணாடிய மறைக்குது சார்” என்று அந்தப் பெண் சொன்னது முற்றிலும் உண்மை. வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடிக்கும் குழாய்க்கும் இடம் போதவில்லை. இருவரும் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, முனைக்கு ஒரு விரல் அகலத்துக்குள் குழாய் வந்தபோது மூட்டம் வளைந்து அதற்குள் போயிற்று. கை சற்றே விலகிய ஒவ்வொரு முறையும் திரும்ப வெளியே கசிந்தது.

அந்த அகல வாய்க் குழாயைத்தான் ஹை வேக்யூம் சக்ஷன் என்கிறோம். அதன் வாய் எட்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இழுக்கும் காற்று நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் ஏரோசாலில் பத்தில் ஒன்பது பங்கை அது குறைத்துவிடும் என்று ஹாரெல், மோலினாரி ஆகியோரின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரை தொகுத்துச் சொல்கிறது. நம் கிளினிக்குகளிலுள்ள சேர்கள் பலவற்றில் இருப்பது, கம்ப்ரசரின் காற்றைக் கொண்டே எச்சிலை இழுக்கும் சிறிய சக்ஷன். அது நீரை அகற்றும், காற்றை அகற்றாது. தனி மோட்டார் வைத்தவர்களிலும் சிலர் அந்த மோட்டாரைச் சிகிச்சை அறையின் மூலையிலேயே நிறுத்தி, அது வெளியிடும் காற்றை அதே அறைக்குள் விட்டுவிடுகிறார்கள். வாயருகே இழுத்ததை மூலையில் திருப்பிக் கொடுப்பதற்கு மின்கட்டணமும் கட்டுகிறார்கள். இதையெல்லாம்விடப் பெரிய தடை ஆள். குழாயைப் பிடிக்க இரண்டாவது ஒருவர் வேண்டும். வரவேற்பு மேசை, தொலைபேசி, கருவி கழுவுதல் அனைத்தையும் ஒரே உதவியாளர் பார்க்கும் கிளினிக்கில் ஸ்கேலிங் நடக்கும் அரை மணி நேரமும் அவர் குழாயைப் பிடித்து நிற்க வாய்ப்பில்லை. ஃபாகிங் இயந்திரத்துக்குச் செலவழித்ததை இன்னொரு உதவியாளரின் சம்பளத்தில் போட்டிருக்கலாம் என்று சொன்னால் நண்பர்கள் சிரித்து மழுப்புகிறார்கள்.

பல் அடைப்பதற்கும் வேர் சிகிச்சைக்கும் ரப்பர் டேம் போட முடியும். நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் 1864இல் எச்சிலைத் தடுப்பதற்காகக் கண்ட இந்த மெல்லிய ரப்பர் விரிப்பு, ஒரு பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற வாய் முழுவதையும் மூடிவிடுகிறது. இலங்கையில் பிறந்த நுண்ணுயிரியலாளர் லக்ஷ்மன் சமரநாயக்கவும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை நடக்கும் இடத்தைச் சுற்றி மூன்று அடி விட்டத்துக்குள் காற்றில் பரவும் பாக்டீரியா எழுபது சதவீதம் வரை குறைந்தது. ஸ்கேலிங்குக்கு இது உதவாது. ஈறோரத்தை மூடிவிட்டு ஈறோரத்தில் வேலை செய்ய இயலாதல்லவா. குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பும் செய்ய வேண்டியதுதான். எச்சிலின் பங்கை அது குறைக்கும், குழாய் நீரை அது தொடாது.

பிடிபடாமல் தப்பியதை வெளியேற்ற அறைக்குப் புதுக்காற்று வேண்டும். சி.டி.சி. அட்டவணையின்படி, மணிக்கு 6 முறை காற்று முழுதும் மாறும் அறையில் மிதப்பவற்றில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். இரண்டே முறை மாறினால் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. சாலை இரைச்சலுக்கும் தூசிக்கும் பயந்து சன்னலைத் திருகாணி போட்டு அடைத்த கிளினிக்குகளில் காற்று மாற்றம் கதவு திறக்கும்போது மட்டுமே நடக்கிறது. நோயாளியின் கால்பக்கச் சுவரில் புதுக்காற்று நுழையவும், தலைப்பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளவும் அமைத்துவிட்டால், மூட்டம் மருத்துவரின் முகத்தைத் தவிர்த்து நேராக வெளியேறும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மருத்துவர் உட்காருவதும் அந்தத் தலைப்பக்கத்தில்தான். பக்கச் சுவரில் வைப்பதே மேல். அதையும் டார்ச் வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வைப்பது இன்னும் மேல்.

இப்போது ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும் மாணவர்களைத் தட்டை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறேன். அவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. குழாய் நீர்க் கிருமிகள் இரத்த அகரில் 37 டிகிரியில் இரண்டு நாளில் முளைத்துவிடுபவை அல்ல. பசியில் வாழப் பழகியவை. ஆர்2ஏ என்ற சத்துக் குறைந்த அகரில், 20 முதல் 28 டிகிரிக்குள், ஒரு வாரம் வரை காத்திருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் அந்த வெப்பநிலைக்கே குளிரூட்டும் அடைகாப்பான் தேவைப்படும். மாதிரிப் புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு, எஞ்சிய குளோரினை முறித்தாக வேண்டும். காலையில் சேரைத் திறந்ததும் ஒரு மாதிரி, இரண்டு நிமிடம் ஓடவிட்டபின் ஒன்று, நாளின் இறுதியில் ஒன்று என்று எடுக்கச் சொல்வேன்.

அப்படி ஒரு மாணவி ஒரு கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த காலை மாதிரியை நூறு மடங்கு நீர்த்தும் தட்டில் எண்ண முடியவில்லை. ஓடவிட்டபின் எடுத்ததில் எண்ணிக்கை இறங்கியிருந்தது, ஆனால் சி.டி.சி. சொன்ன 500ஐ நெருங்கவே இல்லை. “தண்ணி ஓடவிட்டா போதும்னு சொன்னாங்களே மேடம்” என்றாள். நோயாளிக்கு நோயாளி 20, 30 நொடி ஓடவிடுவது வாயிலிருந்து பின்னோக்கி உறிஞ்சப்பட்டதை வெளித்தள்ளத்தான் உதவும், சுவரில் படிந்த பயோஃபிலிமை அது அசைக்காது என்று விளக்கினேன். அதற்குத் தனி நீர்ப்புட்டி பொருத்தி, சேர் தயாரித்தவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் இடைவெளியில் குழாய் முழுவதும் செலுத்தி, இரவில் குழாயைக் காலியாக்கி உலரவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை நீரைச் சோதிக்க வேண்டும். அந்தக் கிளினிக்கின் மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு அந்த வாரமே புட்டி பொருத்திக்கொண்டார். மருந்து செலுத்திய பின்னான மாதிரிகள் இப்போது அடைகாப்பானில் இருக்கின்றன. ஏழாம் நாள்தான் எண்ண முடியும்.